ருடால்ஃப் மன்னரின் ஆறு மகள்களும் செண்பகம் அக்காவும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருவனந்தபுரம் பேட்டையில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோவில் ஒரு தேங்காய் எண்ணெய் விளம்பரத்துக்குக் குரல் பதிவு நடந்துகொண்டிருந்தது. கோமதி அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் செண்பகம் அக்காவின் கடைசித் தங்கை, நாகர்கோவிலில் இருப்பவர். அந்த நேரத்தில் என்னை அழைக்கிறவர் இல்லை. பதிவை நிறுத்திவிட்டு வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, அக்கா போயிட்டா."

அவரே தொடர்ந்தார். "நேத்துதான் இங்க சாலை பஜாருக்கு, அவ வீட்டுக்கு வந்தேன். காலைல காப்பி போடணும்னு எந்திரிச்சவ நாற்காலியில உக்காந்தா. அப்படியே போயிட்டா. ஒரு சத்தம் இல்ல. இங்க சொந்தக்காரங்களுக்கு நான் சொல்லிக்கிடுவேன். அவகூட வேலை பார்த்தவங்க ஆரு எவருன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லிருங்க, கேட்டீங்களா."

அந்தப் பொறுப்பில்தான் இதை எழுதுகிறேன். திருவனந்தபுரத்தில் டப்பிங் வேலை செய்யும் தமிழ்க்காரர்களில் செண்பகம் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. இருபது வருடங்களாக எத்தனையோ தொடர்களுக்கும் படங்களுக்கும் தமிழ் வசனம் எழுதியவர். திரையில் அவர் பெயர் வந்ததில்லை. அது அவருக்கு ஒரு குறையாகவும் இருந்ததில்லை.

அதற்கு முன்னால் அவர் கோவளத்தில் ஓர் ஆயுர்வேத விடுதியில் இருந்தார். ஜெர்மனியிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கும் வைத்தியருக்கும் நடுவே உட்கார்ந்து, அவர் மலையாளத்தில் சொல்வதை ஜெர்மனில் சொல்லும் வேலை. அந்த நாட்களைப் பற்றி ஒருமுறை கேட்டேன். வைத்தியர் வாயு, பித்தம் என்று நீளமாகப் பேசுவாராம். இவர் இரண்டே வாக்கியம் சொல்வாராம். நோயாளி தலையாட்டுவாராம். "மிச்சத்த என்ன செஞ்சீங்க அக்கா?" என்றேன். "மிச்சம் எனக்கே புரியல. புரியாதத மொழிபெயர்க்கப்பிடாது தம்பி" என்றார். வசனம் எழுதும்போதும் அதே கொள்கைதான். புரியாத ஒரு வரிக்காகப் பதிவை நிறுத்தி, எங்கள் முதலாளி பிரதீப் சாரின் ரத்த அழுத்தத்தை ஏற்றியதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம்.

அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த ஜெர்மன் ராஜா தொடர்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால் வந்த வேலை. இடைக்காலத்தில் ஜெர்மனியை ஆண்ட ருடால்ஃப் என்ற மன்னரின் குடும்பத்தையும் அவருடைய சந்ததிகளையும் பற்றிய ஆவணத் தொடர். பின்னால் ஐரோப்பாவின் பாதியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்திலிருந்து வந்த முதல் அரசர் அவர். அங்கே அப்பாவுக்குப் பின் மகன் என்று அரசுரிமை தானாக வந்துவிடாது. பெரிய பிரபுக்கள் சிலர் கூடி அரசரைத் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தேர்வான ருடால்ஃப், முடிசூடிய கையோடு மகள்களுக்குக் கல்யாணம் பேசினார். முடிசூட்டு நாளிலேயே இரண்டு மகள்களின் கல்யாணம் நடந்ததாகத் தொடர் சொன்னது. ஆறு மகள்களும் ஆறு பெரிய குடும்பங்களுக்கு மருமகள்களாகப் போனார்கள்.

நடிகர்களை வைத்துப் பல காட்சிகளைப் படமாக்கியிருந்தார்கள். அதனால் விவரணையோடு வசனமும் உண்டு. எங்களுக்கு வந்தது ஆங்கில வசனப் பிரதி. அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு ஜெர்மன் ஒலியைக் கேட்டே எழுதினார். முதல் நாளே வேலை நின்றது.

"இந்தப் பொண்ணு இன்னொருத்தியப் பத்திப் பேசுறா. சிஸ்டர்ங்கா. அக்காவா தங்கச்சியா?"

"சகோதரின்னு போடலாமே" என்றேன்.

"மேடையில பேசுறவன் சொல்லுவான் சகோதரின்னு. ஒரு வீட்டுக்குள்ள ஆரு சொல்லுவா? மூத்தவ ஆருன்னு தெரியாம நான் எப்படி எழுதுவேன்?"

நியாயம்தான். ஆனால் எழுநூறு வருடங்களுக்கு முன்னால் பிறந்த பெண்களின் பிறந்த நாளை யார் குறித்து வைத்தார்கள்? ராஜாவின் மகனாக இருந்தாலாவது ஏதாவது கிடைக்கும். அக்கா எங்கெங்கோ தேடி, ஜெர்மன் புத்தகங்களைக் கணினியில் படித்து, ஒருவாறு வரிசையைக் கண்டுபிடித்தார். பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தக் குடும்பத்தை முழுக்க வரைந்து பதிவு அறைச் சுவரில் ஒட்டினார். பெயர்களுக்குக் கீழே அக்கா, தங்கை, கொழுந்தன், கொள்ளுப்பேரன் என்று எழுதியிருந்தது. குரல் கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது உங்க குடும்பமா?" என்று கேட்பார்கள்.

பிரதீப் சாருக்கு அந்தத் தாளால் ஒரு சந்தோஷம் கிடைத்தது. ராஜாவின் மருமகன்களான பிரபுக்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் ஒரு காட்சி உண்டு. அவர்களுக்குள் என்ன உறவு என்று ஆங்கிலப் பிரதி ஒரு முழு வாக்கியம் செலவழித்து விளக்கியிருந்தது. அக்கா அதை அடித்துவிட்டு ஒரே சொல்லை எழுதினார்: சகலை.

"எந்தா அக்கா இந்தச் சகலை?" என்றார் பிரதீப் சார்.

"ஒங்க பொண்டாட்டிக்குத் தங்கச்சி இருக்கால்லா? அவ புருஷன் ஒங்களுக்கு யாரு?"

"அவனோ? கோ-பிரதர்."

"அதான் சகலை. ஒரே மாமனார் வீட்டுல யாருக்குப் பெரிய எல போடுறாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பான்."

பிரதீப் சார் சிரித்து மாளவில்லை. அன்றிலிருந்து அந்தக் காட்சிக்கு எங்கள் ஸ்டூடியோவில் 'பெரிய இலை சீன்' என்று பெயர்.

அதே தொடரில், மனைவி இறந்த பிறகு வயதான ராஜா ஒரு சின்னப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறார். பெண்ணுக்கும் ராஜாவின் இளைய மகளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அக்கா அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டார். "இந்தப் பிள்ளைய அவளுக சித்தின்னு கூப்பிட்டிருப்பாளுகளா?" என்றார். அப்படி ஒருவரும் கூப்பிடுவதாகக் காட்சியே இல்லை என்றேன். "இல்லதான். எனக்குத் தெரியணும்லா" என்றார். அதற்கு மேல் அன்று வேலை ஓடவில்லை. டீ குடிக்கப் போனோம்.

அந்த டீக்கடையில்தான் அவர் தன் கதையைச் சொன்னார். அதுவரைக்கும் சாலை பஜாரில் ஒரு மாடியில் தனியாக இருக்கிறார் என்பதுதான் எனக்குத் தெரியும்.

"எங்கப்பாவுக்கும் ஆறு பொண்ணு, பாத்துக்க. ஆண்பிள்ள இல்ல. சாலையில மொத்த அரிசிக் கடை. எங்கெல்லாம் இருந்து கடைக்கு அரிசி வரணுமோ அங்கெல்லாம் ஒரு பொண்ணக் குடுத்தாரு. நான் மூணாவது. கோவில்பட்டி."

அக்கா கோவில்பட்டியில் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. அடித்தார்களா, குடியா என்று ஊர் கேட்டிருக்கிறது. "ஒண்ணும் செய்யல. எங்கிட்ட யாரும் பேசவும் செய்யல. எத்தன நாளைக்குச் செவரப் பாத்துக்கிட்டு இருக்க முடியும்?" என்றார் என்னிடம். திரும்பி வந்தவரை அப்பா திட்டவில்லை. கடைக்கு மேலே மாடியறையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அக்கா அந்த அறையிலிருந்துதான் ஜெர்மன் வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். கோவளத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம்.

கடைசித் தங்கை கோமதியின் கல்யாணத்தில்தான் பிரச்சினை. நாகர்கோவில் வடசேரியில் இன்னொரு மொத்த வியாபாரி. அப்பாவுக்கும் அவருக்கும் அரிசி ஆலைச் சரக்கை யார் எடுப்பது என்று பல வருடப் பகை, கோர்ட்டு வரைக்கும் போனது. இரண்டு பக்கமும் களைத்துப்போன நேரத்தில் நடுவில் ஆள் புகுந்து பேசி, வழக்கு வாபஸ், இவர் பெண் அவர் பையனுக்கு என்று முடிவானது. கல்யாணத்துக்கு முந்திய நாள், வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது அக்கா தங்கையிடம் சொல்லியிருக்கிறார்: "ஒன்ன அரிசி மூட்டை மாதிரி எடைபோட்டுக் குடுக்காங்கட்டீ. ஒனக்குத் தெரியலையா?"

கோமதி திருப்பிச் சொன்னார்: "நீ வாழாம வந்தவ. எனக்குச் சொல்ல வராத."

அதோடு பேச்சு நின்றது. இருபது வருடங்களுக்கு மேல். அப்பா இறந்தபோதும் ஒருத்தி முன்னறையில், ஒருத்தி அடுக்களையில். அக்கா இதைச் சொன்னபோது குரலில் ஒரு மாற்றமும் இல்லை. டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கூடிவிட்டது என்று புகார் சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த அத்தியாயம் குட்டாவுடையது. ராஜாவின் இளைய மகள். அந்தப் பெயரைக் கேட்டதும் அதே தொடரின் மலையாளப் பதிப்புக்குக் குரல் கொடுக்க வந்தவர்கள் சிரித்தார்கள், இங்கே வீட்டில் சின்னப் பையனைக் கொஞ்சிக் கூப்பிடும் சொல் அது. அவளுக்கு யூடிட் என்றும் ஒரு பெயர் உண்டு, அதைப் போட்டுவிடலாம் என்றார் பிரதீப் சார். "நம்ம சிரிக்கோம்னு அவ பேர மாத்தவா?" என்று அக்கா விடவில்லை.

குட்டாவின் கதை இது. ருடால்ஃபை அரசராக ஒப்புக்கொள்ளாமல் போரிட்டவர் பொஹீமியா நாட்டு ராஜா. அவர் போர்க்களத்தில் இறந்தார். பகை தீரவேண்டும் என்று அவருடைய மகனுக்குக் குட்டாவைக் கொடுத்தார்கள். அவருடைய மகளைக் குட்டாவின் அண்ணனுக்கு எடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தது. அந்தப் பெண்ணின் பெயர் ஆக்னஸ். அவள் குட்டாவுக்கு அண்ணன் மனைவி, அதோடு கணவனின் அக்காவும்கூட. குட்டா அவளை அழைக்கும் ஒரு காட்சியில் வாய் அசைவு தெளிவாகத் தெரிகிறது. என்னவென்று அழைப்பாள்?

அக்கா கைப்பேசியை எடுத்துக் கோமதி அம்மாவின் எண்ணை அழுத்தினார். அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். அதனால் நானும் கேட்டேன்.

"ஆரு?"

"நான்தான். செண்பகம்."

அந்தப் பக்கம் ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"ஒரு சந்தேகம் கேக்கணும். ஒருத்திக்கு அண்ணன் பொண்டாட்டி இருக்கா. அவளே புருஷனுக்கு அக்காவும். அப்போ அவள என்னன்னு கூப்பிடுவா?"

"இதென்ன கேள்வி. மதினின்னு கூப்பிடுவா. அண்ணன் பொண்டாட்டியும் மதினி, புருஷனுக்கு மூத்தவளும் மதினி. இங்க எங்க வீட்டுல அப்படித்தான்."

"ரெண்டும் ஒண்ணுதானோ."

"ஒண்ணுதான்."

விசில் இன்னொரு தடவை அடித்தது.

"சாப்பிட்டியா?" என்றார் அக்கா.

"இனிமத்தான். நீ?"

"ஆச்சு. சரி, அடுப்பப் பாரு." வைத்துவிட்டார்.

என்னைப் பார்த்து, "மதினின்னு எழுதிக்க. வாயசைவுக்கும் ஒக்கும்" என்றார். அவருக்கு அந்தச் சொல் தெரியாமலா இருந்திருக்கும் என்று பிரதீப் சார் பிறகு என்னிடம் கேட்டார். நான் அக்காவிடம் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கோமதி அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். கண் டாக்டரைப் பார்க்க வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்றார். கையில் ஒரு பை நிறைய மட்டிப்பழம். குட்டா அத்தியாயத்தின் பதிவு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். அக்காவும் தங்கையும் நேருக்கு நேர் அதிகம் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

விவரணையாளர் படித்தார்: "சமாதானத்தின் விலையாகக் கொடுக்கப்பட்ட பெண். எதிரியின் வீட்டில் வாய்திறக்காமல் வாழ்ந்து முடிந்தவள்." அக்கா மிகவும் பிடித்து எழுதிய வரிகள் அவை. எழுதிய அன்று என்னிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

கோமதி அம்மா முன்னால் சாய்ந்தார். "வாய்தொறக்காமன்னு இவங்களுக்கு ஆரு சொன்னா?"

"படத்துல அப்படித்தான் இருக்கு" என்றார் அக்கா.

"இப்பத்தான காட்டினான். அவ புருஷனுக்கும் அண்ணனுக்கும் சண்டை. இவ நடுவுல நின்னு பேசி ராசியாக்குறா. அது வாய்தொறக்கிறது இல்லையா? நானும் அந்த வீட்டுக்குப் போன மறு வருஷம் மாமனார் திரும்பவும் அப்பா மேல கேஸ் போடக் கெளம்புனாரு. ஆரு நிறுத்துனதுன்னு நெனைக்க?"

அக்கா திரும்பினார். "ஆரு?"

"நான்தான். மூணு நாள் சோறு வடிக்கல. வீட்டுல ஒருத்தரும் சாப்பிடல. கேஸு இல்லன்னு சொன்ன பெறகுதான் அடுப்பு எரிஞ்சுது. அப்பாகிட்ட சொல்லல. ஒங்கிட்டயும் சொல்லல. நீதான் பேச மாட்டியே."

பதிவு அறையில் விவரணையாளர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, அடுத்து என்ன என்று கையால் கேட்டார். பொறுக்கச் சொன்னேன்.

அக்கா ஜெர்மன் ஒலியை மறுபடி போடச் சொன்னார். மூன்று தடவை கேட்டார். "வாய்திறக்காமல்" என்று மூலத்தில் இல்லை. "அமைதியாக" என்றுதான் இருந்தது. வாய்திறக்காமல் என்றது அக்கா போட்டது; அதை அடித்துவிட்டு அமைதியாக என்றே எழுதினார். குட்டா நடுவில் நின்று பேசியது மூலத்தில் ஒரு நீண்ட வாக்கியத்தின் வாலில் கிடந்தது. அதைத் தனியாக எடுத்து அதே இடத்தில் ஒரு முழு வாக்கியமாக்கினார்: "கணவனுக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்று பேசியவள் அவள்தான்." அதற்குப் பிறகு வருவது உள்ளது உள்ளபடி: அரசியாக முடிசூட்டப்பட்ட சில வாரங்களில், பிள்ளை பெற்ற உடம்பு தேறாமல், முப்பது வயதுகூட ஆகாமல் அவள் இறந்தாள். அவள் மகள் வயிற்றுப் பேரன் பின்னால் பேரரசனானான்.

பிரதீப் சார் பயந்தார். "அக்கா, கிளையன்ட் செக் பண்ணும். ஒரு வாக்கியம் ரெண்டாச்சுன்னு பிரஷ்னமாக்கும்." அப்படியே ஆனது. ஜெர்மன் தயாரிப்புக் கம்பெனியிலிருந்து ஒருவர் காணொளி அழைப்பில் வந்தார். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஜெர்மனில் பேச ஆரம்பித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இடையில் குட்டா என்ற பெயரும், நாகர்கோவில் என்ற பெயரும் கேட்டன. அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் கடுமையாக இருந்தார், பிறகு சிரித்தார், பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். அக்காவின் வாக்கியம் அப்படியே நிலைத்தது.

அன்று மாலை கோமதி அம்மாவைத் தம்பானூரில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அக்கா சொன்னார்: "வித்துட்டாங்கன்னு நான் சொன்னேன். நான்தான் போய் ஆண்டேன்னு அவ சொல்லுதா. ரெண்டும் உள்ளதுதான். எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "மூணு நாளு சோறு வடிக்காம இருந்திருக்கா பாரேன்" என்று சிரித்தார். பட்டினி கிடந்த மாமனாரை நினைத்துச் சிரித்தாரா தங்கையை நினைத்தா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு இந்த மூன்று வருடங்களில் கோமதி அம்மா மாதம் ஒரு முறையாவது வந்தார். கண் டாக்டர் ஒரு சாக்கு. இரண்டு பேரும் சாலையில் பூ வாங்கப் போனால் பூக்காரியின் முன்னாலேயே சண்டை போடுவார்கள், உதிரி வாங்குவதா கட்டினது வாங்குவதா என்று. சென்ற ஆண்டு அக்காவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது கோமதி அம்மாதான். வேலையைக் குறைக்கச் சொன்னார்கள். அக்கா நிறுத்தியது காபியில் சர்க்கரையை மட்டும்.

தைக்காட்டு மின்மயானத்தில் அன்று நம் ஸ்டூடியோ ஆட்கள் பலர் இருந்தீர்கள். குரல் கொடுப்பவர்கள் இத்தனை பேர் ஓர் இடத்தில் இத்தனை நேரம் பேசாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. பிரதீப் சார் ஓரமாக நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காரியங்கள் முடிந்த பிறகு கோமதி அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். "அவ சத்தம் ஏதாவது ஒங்ககிட்ட இருக்குமா தம்பி? போட்டோ இருக்கு. சத்தம் இல்ல" என்றார்.

இருந்தது. ஒரு தொடருக்கு வசனம் எழுதி முடித்ததும், நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, எழுதியவரே படத்தோடு சேர்த்து முழுவதையும் வாசித்துப் பதிவு செய்வது வழக்கம். குரல் கலைஞர்களின் பதிவு முடிந்ததும் அதை அழித்துவிடுவோம். ராஜா தொடருடையதை மட்டும் நான் அழிக்காமல் வைத்திருந்தேன். குட்டா அத்தியாயத்தில் மாற்றிய வரிகளை அக்கா அன்றே மறுபடி வாசித்துப் பதிந்திருந்த பகுதியை எடுத்து, கோமதி அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கழற்றவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு ஒரு பிரதி கேட்டார். எடுக்கும்போது, பழக்கத்தில், தொடக்கத்தையும் முடிவையும் வாக்கியங்களின் இடைவெளிகளையும் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். மூச்சுச் சத்தங்களை வெட்டுவதுதான் என் அன்றாட வேலை. அவர் என் கையைப் பிடித்தார்.

"அவதான்னு சொல்லி முடிச்சுட்டு ஒரு மூச்சு விடுதால்லா. அத வெட்டிராதீங்க."

வெட்டவில்லை. பிரதியை அவருக்குக் கொடுத்தேன், என்னிடமும் ஒன்று இருக்கிறது. செண்பகம் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அதுதான். ஒரு பெண்ணைப் பற்றிய வரியைச் சரியாகச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னால் அவர் எடுத்துக்கொண்ட மூச்சு.